இரத்தக்காட்டேரித் தொடரில் பாத்திரத்தையும் நடிப்பையும் பிரித்து மதிப்பிடுவது எப்படி?

மாடவீதி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மயிலாப்பூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பைச் சேர்ந்த நான்கு வீட்டார் ஒன்றுகூடி, ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஒரு தொடரை முதலிலிருந்து கடைசி வரை பார்த்து, ஒவ்வொரு சீசன் முடிந்ததும் மொட்டை மாடியில் உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசுவதை வழக்கமாக வைத்திருக்கிறோம். இம்முறை இளையவர்களின் விருப்பப்படி "தி வேம்பயர் டைரீஸ்" என்ற அமெரிக்கத் தொடரை எடுத்துக்கொண்டோம். 2009 செப்டம்பரில் தொடங்கி 2017 மார்ச்சில் நிறைவடைந்த இத்தொடருக்கு எட்டு சீசன்கள், 171 பகுதிகள். பெற்றோரை இழந்த எலினா என்ற பள்ளி மாணவி, 1864இல் இரத்தக்காட்டேரிகளாக மாறிய ஸ்டெஃபன், டேமன் என்னும் சகோதரர்கள், அவர்கள் இருவரையும் அப்படி மாற்றியவளும் எலினாவின் அச்சு அசலான முகத்தைக் கொண்டவளுமான கேத்ரின் ஆகியோரைச் சுற்றித்தான் கதை நடக்கிறது. தொடரை இன்னும் பார்க்காதவர்கள், திருப்பங்கள் பலவும் கீழே வெளிப்படும் என்பதை மனத்தில் கொண்டு படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பார்த்து முடித்த அன்று ஒரு சிறு வாக்கெடுப்பு வைத்தோம். ஒவ்வொருவரும் ஒரு தாளில் தமக்குப் பிடித்த மூன்று பாத்திரங்களையும், இன்னொரு தாளில் சிறப்பாக நடித்த மூவரையும் எழுதித் தர வேண்டும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, பதினொரு பேரில் ஒன்பது பேருடைய தாள்கள் ஒன்றுக்கொன்று நகலாகவே இருந்தன. டேமனை நேசிப்பவர்களுக்கு இயன் சோமர்ஹால்டரே சிறந்த நடிகர். ஸ்டெஃபனின் பொறுமையை விரும்புகிறவர்களுக்கு பால் வெஸ்லியே சிறந்த நடிகர். விதிவிலக்காக இருந்தவர்களில் ஒருவர் என் அம்மா. கேத்ரினை அவருக்கு அறவே பிடிக்காது. ஆனாலும் சன் தொலைக்காட்சியில் "வாணி ராணி" தொடரை ஒரு நாளும் விடாமல் பார்த்து, ராதிகா இரண்டு வேடங்களையும் ஏற்றதை இன்றும் நினைவுகூர்கிறவர் என்பதால், எலினாவாகவும் கேத்ரினாகவும் வரும் நினா டோப்ரெவுக்கே முதலிடம் தந்தார். ஏன் என்று கேட்டால், "இரண்டு பேராக வருவது சுலபமா?" என்பதற்கு மேல் அவரால் விளக்க முடியவில்லை. என்னாலும் முடியவில்லை என்பதுதான் இந்த இழையைத் தொடங்கக் காரணம்.

நான் அறிய விரும்புபவை இரண்டு. ஒரு காட்சியைப் பார்த்து மனம் நெகிழும்போது, அந்த நெகிழ்வில் நடிகருக்கு உரிய பங்கு எது, எழுதியவருக்கு உரிய பங்கு எது, பாத்திரத்தின் மேல் நமக்கு முன்பே இருக்கும் பாசத்தின் பங்கு எது என்று எப்படிப் பிரித்தறிவது? அடுத்தது, டேமனைப் போன்ற ஒருவனை எந்த அளவுகோலால் எடைபோடுவது? அவன் செய்த கொலைகளை எடுத்துச் சொன்னால், "அவன் இரத்தக்காட்டேரி, அவனுக்கு மனித நீதி பொருந்தாது" என்கிறாள் என் தங்கை. அவன் அழும் காட்சியில் மட்டும் மனித நீதியைக் கேட்டு அவளே கண்கலங்குகிறாள்.

கூத்துமேடை எழுதியது:

மாடவீதி அவர்களுக்கு வணக்கம். சென்னையில் இருபது ஆண்டுகளாக நவீன நாடகங்களில் நடித்தும், இளையவர்களுக்குப் பயிற்சி அளித்தும் வருகிறேன். உங்கள் முதல் கேள்விக்கு என் அனுபவத்திலிருந்து விடை சொல்ல முயல்கிறேன். இரண்டாவதை வேறு யாரேனும் எடுத்துக்கொள்ளட்டும்.

உங்கள் அம்மாவின் தீர்ப்பு சரியானது என்றே கருதுகிறேன். ஆனால் அவர் கூறிய காரணம் போதாது. இரண்டு பேராக வருவது மட்டும் பெரிய காரியமன்று. தலைமுடியை நேராக வாரிவிட்டால் எலினா, சுருட்டிவிட்டால் கேத்ரின் என்று ஒப்பனையாளரே பாதி வேலையை முடித்துவிடுகிறார். உடையும் குதிகால் உயர்ந்த செருப்பும் மீதியில் பாதியை முடித்துவிடுகின்றன. இருவரும் ஒரே சட்டகத்தில் நின்று பேசும்போது, நம் ஊர்ப் படப்பிடிப்புகளில் மாஸ்க் ஷாட் என்று சொல்வதும், முதுகைக் காட்டி நிற்கும் டூப்பும் துணைக்கு வந்துவிடும். இந்தத் துணைகள் எல்லாம் விலகும் இடம் எது என்று தேடிப் பாருங்கள். ஒரு பாத்திரம் இன்னொரு பாத்திரமாக நடிக்கும்போதுதான் அவை விலகுகின்றன.

சென்னையிலிருந்து தொலைவில் இல்லாத திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் நடந்ததாகச் சொல்லப்படும் நீலியின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பேயாகிய நீலி, கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வணிகனின் மனைவியாக வந்து வேளாளர்கள் எழுபது பேர் முன்னிலையில் அழுகிறாள். அவர்கள் நம்புகிறார்கள், வணிகன் உயிரை இழக்கிறான், அவன் உயிருக்குத் தாங்களே பொறுப்பு என்று தந்த வாக்குக்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். "நீலிக் கண்ணீர்" என்ற வழக்கு நமக்கு அங்கிருந்துதான் வந்தது. இந்தக் கதையை மேடையேற்றும்போது நீலி வேடம் கட்டுபவருக்கு வாய்க்கும் சோதனை கடுமையானது. அவருடைய அழுகை எழுபது பேரை நம்பவைக்க வேண்டும். எதிரே உட்கார்ந்திருக்கும் நம்மை நம்பவைக்கக் கூடாது. ஒரே கண்ணீர் இரண்டு திசையில் இரண்டு பொருள் தர வேண்டும். மிகைப்படுத்தினால் எழுபது பேரும் முட்டாள்களாகத் தெரிவார்கள்; குறைத்தால் நாம் அவளுக்காக இரங்கத் தொடங்கிவிடுவோம்.

நினா டோப்ரெவ் இந்தச் சோதனையைப் பலமுறை எதிர்கொள்கிறார். முதல் சீசனின் 22ஆம் பகுதியில், வீட்டு வாசலில் டேமனுடன் நிற்பவள் எலினா என்றே நாமும் நம்புகிறோம். சமையலறையில் அவள் எலினாவின் உறவினர் ஜான் கில்பர்ட்டின் விரல்களை வெட்டும்போதுதான் அவள் கேத்ரின் என்பது தெரியவருகிறது. அந்த வாசல் காட்சியை மறுபடியும் பாருங்கள். எலினாவிடம் எண்ணம் முகத்தில் தோன்றிய பிறகே பேச்சு வரும். எதிரில் இருப்பவர் புண்படுவாரோ என்ற ஒரு தயக்கம் அவளிடம் எப்போதும் உண்டு. வாசலில் நிற்பவளிடம் அந்தத் தயக்கம் இருக்கிறது, ஆனால் அது ஒரு நொடி முன்னதாகவே வந்து காத்திருக்கிறது. முதல் முறை பார்ப்பவர் இதைக் கவனிக்க மாட்டார், கவனிக்கவும் கூடாது.

இதைவிடக் கடினமானது நான்காம் சீசனின் 18ஆம் பகுதி. அங்கே எலினா கேத்ரினாக நடித்து, கேத்ரினை நெடுங்காலமாக அறிந்த எலைஜா என்ற இரத்தக்காட்டேரியைச் சந்திக்கிறாள். கேத்ரினை அங்குலம் அங்குலமாக அறிந்த நடிகை, கேத்ரினைச் சரிவர அறியாத எலினாவின் அறிவுக்குள் நின்றுகொண்டு கேத்ரினை நடித்துக் காட்ட வேண்டும். நன்றாக நடித்துவிட்டால் காட்சி தோற்றுவிடும், ஏனென்றால் எலைஜா அவளைக் கண்டுகொள்ள வேண்டும். மோசமாக நடித்தால் எலைஜா அதுவரை ஏமாந்தது பொய்யாகிவிடும். கேத்ரினின் அலட்சியத்தைப் பிடித்துக்கொண்டு, அவளுடைய சோம்பலான நிதானத்தைத் தவறவிடுகிறாள் எலினா. எதைத் தவறவிடுவது என்று தேர்ந்தெடுத்தது நடிகையின் அறிவு. என் மாணவர்களுக்கு இக்காட்சியை நான்கைந்து முறையாவது போட்டுக் காட்டியிருக்கிறேன்.

இனி பால் வெஸ்லியைப் பற்றி. இவருக்கு நியாயம் கிடைப்பதே இல்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதைக்கு உரை வகுத்த அடியார்க்கு நல்லார், வெகுண்டோன், ஐயமுற்றோன், உவந்தோன், நாணமுற்றோன், நஞ்சுண்டோன் என்று இருபத்து நான்கு வகை அவிநயங்களை (உள்ளத்து நிலையை உடலால் நடித்துக் காட்டும் முறைகளை) எண்ணும்போது, "செத்தோன் அவிநயம்" என்ற ஒன்றையும் சேர்க்கிறார். இரத்தக்காட்டேரி வேடத்துக்கு அடித்தளம் அதுதான். உள்ளே செத்தவன், வெளியே வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் பதினேழு வயது மாணவன், இரண்டுக்கும் நடுவே ஆறாத பசி. இந்த மூன்று அடுக்கையும் ஒரே நேரத்தில் தாங்கும் வேடம் டேமனுக்குத் தரப்படவில்லை, அவன் தன் பசியை ஒளிப்பதே இல்லை. விலங்குகளின் இரத்தத்தைக் குடித்து மனித இரத்தத்தைத் தவிர்க்கும் ஸ்டெஃபனுக்கே அது தரப்பட்டது. அடக்கி வைத்திருப்பதை நடிப்பது என்றால், பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றும் நடக்காதது போலவே இருக்கும். அதனால்தான் முதல் சீசனைப் பார்த்த பலரும் அவரை மரக்கட்டை என்றார்கள்.

அதே மனிதரை மூன்றாம் சீசனின் 5ஆம் பகுதியில் பாருங்கள். பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அது முடிந்ததும் எலினாவின் இரத்தத்தைக் குடிக்க வேண்டும் என்பது க்ளாவுஸ் என்ற வில்லன் இட்ட வசியக் கட்டளை (பிறர் மனத்தைக் கட்டுப்படுத்தித் தன் சொல்லுக்கு ஆட்படுத்துவதுதான் இங்கே வசியம்). கட்டளையை மீற ஸ்டெஃபன் போராடுவதும், பின்னர் மனிதத்தன்மையையே, அதாவது உணர்ச்சிகளையே, அணைத்துவிடு என்று க்ளாவுஸ் வற்புறுத்த, அவன் முகம் தளர்ந்து ஒன்றுமற்றதாக மாறுவதும் சில நிமிடங்களில் நடந்துவிடுகின்றன. முதல் இரண்டு சீசன்களில் அவர் எவ்வளவு அடக்கிவைத்திருந்தார் என்பது அந்தக் கணத்தில்தான் தெரிகிறது. காலியான முகம் வேறு, அடக்கப்பட்ட முகம் வேறு என்ற வேறுபாட்டை ஒரே காட்சியில் காட்டிவிடுகிறார்.

ஒலிக்கூடம் எழுதியது:

கூத்துமேடை ஐயா முகத்தைப் பற்றி எழுதிவிட்டார்; நான் குரலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சாலிகிராமத்திலும் வடபழனியிலும் உள்ள கூடங்களில் பதினான்கு ஆண்டுகளாக டப்பிங் கொடுத்து வருகிறேன்.

ஒரு நடிகருக்குக் குரல் கொடுப்பதற்கு முன்பு அவருடைய மூச்சைத்தான் நாங்கள் படிப்போம். வசனத்தை எழுதியவர் தருகிறார். எந்தச் சொல்லுக்கு முன்னால் மூச்சை இழுப்பது, எந்தச் சொல்லை மூச்சு தீர்ந்த பிறகு தேய்த்து விடுவது என்பதை எழுதியவர் தருவதில்லை. ஆகவே மாடவீதி அவர்கள் கேட்ட பங்கீட்டுக்கு என்னிடம் உள்ள அளவுகோல் இதுதான்: வசனத்தைத் தாளில் எழுதி நீங்களே ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். நீங்கள் படிக்கும்போதே கண் கலங்கினால் அது பெரும்பாலும் எழுத்தின் வலிமை. உங்கள் வாயில் சாதாரணமாக இருந்த வரி நடிகரின் வாயில் மட்டும் கனத்தால், அந்தக் கனம் அவருடையது.

இந்தத் தொடரில் ஓர் அரிய வாய்ப்பும் இருக்கிறது. க்ளாவுஸ் என்ற ஒரே பாத்திரத்தை மூன்று நடிகர்கள் ஏற்கிறார்கள். இரண்டாம் சீசனின் பிற்பகுதியில் க்ளாவுஸ் முதலில் ஆசிரியர் அலாரிக்கின் உடலுக்குள் புகுந்தே வருகிறான். அப்போது அவனாக நடிப்பவர் மேட் டேவிஸ். 19ஆம் பகுதியில்தான் ஜோசப் மோர்கன் க்ளாவுஸாக நம் கண்ணுக்குத் தெரிகிறார். நான்காம் சீசனின் தொடக்கத்தில் அவன் எலினாவின் பள்ளித் தோழன் டைலரின் உடலுக்குள் இருக்கும்போது மைக்கேல் ட்ரெவினோ க்ளாவுஸாகிறார். ட்ரெவினோவுக்கு முன்னால் ஒரு மாதிரி இருந்தது. நாமும் அதனோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். டேவிஸுக்கோ எந்த மாதிரியும் திரையில் இருக்கவில்லை. நாம் அதுவரை பார்த்திராத ஒருவனை, நாம் ஒன்றரை சீசன்களாகப் பார்த்துப் பழகிய உடலுக்குள் அவர் உருவாக்க வேண்டியிருந்தது. அலாரிக் பேசும்போது வரியின் முடிவில் குரல் தாழ்ந்து விட்டுக்கொடுக்கும். உடலுக்குள் க்ளாவுஸ் வந்த பிறகு அதே குரல் வரியின் முடிவிலும் இறங்காமல், எதிரிலிருப்பவரைச் சுவைப்பது போல நீள்கிறது. ஜோசப் மோர்கனின் பிரிட்டிஷ் உச்சரிப்பையும் சிரிப்பையும் பாராட்டுகிறவர்கள், அந்தப் பாத்திரத்துக்கு முதலில் உயிர் கொடுத்தவர் வேறொருவர் என்பதை மறந்துவிடுகிறார்கள் என்பது என் மனக்குறை.

இன்னொன்றையும் வேண்டுகோளாகச் சொல்கிறேன். எந்தத் தொடரானாலும் மொழிமாற்றிய வடிவத்தில் பார்த்துவிட்டு நடிப்புக்கு மதிப்பெண் போடாதீர்கள். அங்கே நீங்கள் கேட்பது எங்களைப் போன்ற ஒருவருடைய உழைப்பு. அது நன்றாக இருந்தாலும் மோசமாக இருந்தாலும் திரையில் தெரிபவருக்கு அதில் பொறுப்பில்லை.

வேப்பமரத்தடி எழுதியது:

மேலே எழுதிய இருவரையும் மதிக்கிறேன். ஆனால் நடிப்பை மட்டும் தனியே எடுத்து நிறுக்க முடியும் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. நடிப்புக்கு முதலில் காட்சி வேண்டும். எதுவும் தரப்படாதவரிடம் எதை அளப்பது?

எலினாவின் தோழியும் சூனியக்காரியுமான பானி பென்னெட் பாத்திரத்தில் வரும் கேட் கிரகாமை எடுத்துக்கொள்ளுங்கள். மாடவீதி அவர்களின் வாக்கெடுப்பில் அவருடைய பெயர் ஒரு தாளிலாவது இருந்ததா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். முதல் சீசனில் பாட்டியை இழக்கிறாள், பிறகு தோழிக்காகவும் தோழியின் காதலர்களுக்காகவும் மீண்டும் மீண்டும் மந்திரம் சொல்லி, மூக்கில் இரத்தம் வழிய விழுகிறாள், உயிரையும் விடுகிறாள். கறுப்பினப் பெண்ணான அவளுடைய துயரம் எப்போதும் பிறருடைய காதல் கதைக்கு எண்ணெயாகவே ஊற்றப்பட்டது. ஒரு சீசனுக்கு 22 பகுதிகள் எடுக்கும் அமைப்பில், அவளுக்கு என்று ஒரு வீடு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அழுது முடிக்க ஓர் இரவு எதையும் எழுதவில்லை. கையை நீட்டி மந்திரம் சொல்வதை எத்தனை முறைதான் ஒருவர் புதிதாக நடிக்க முடியும்?

ஆறாம் சீசனில் அந்தக் கதவு கொஞ்சம் திறந்தது. 1994 மே 10ஆம் நாள் மட்டுமே திரும்பத் திரும்ப வரும், வேறு மனிதர்கள் இல்லாத சிறை உலகில் பானி தனியாக விடப்படுகிறாள். 13ஆம் பகுதியில், தன் பிறந்த நாளில், இனி வாழ வேண்டாம் என்று முடிவெடுத்து, கார் நிறுத்தும் அறைக்குள் தன்னை அடைத்துக்கொண்டு, கடைசி நேரத்தில் மனம் மாறிக் கதவை நோக்கி நகர்கிறாள். எதிரே பேச ஆள் இல்லை. டேமனுக்காகப் பதிவு செய்யும் காணொளி மட்டுமே துணை. யாருடைய காதலுக்காகவும் இல்லாமல் தனக்காக மட்டும் அவள் மூச்சுக்குத் திணறும் அந்தச் சில நிமிடங்களைப் பார்த்த பிறகு, ஐந்து சீசன்களாக இவரை ஏன் ஓரத்தில் நிறுத்தினார்கள் என்ற கோபம்தான் எனக்கு வந்தது. ஆகவே "யார் சிறப்பாக நடித்தார்" என்று கேட்பதற்கு முன்பு, "யாருக்கு நடிக்க இடம் தந்தார்கள்" என்று கேட்குமாறு வேண்டுகிறேன்.

பாரிமுனை எழுதியது:

இரண்டாம் கேள்வியை யாரும் தொடாததால் நான் எடுத்துக்கொள்கிறேன். நான் உயர் நீதிமன்றத்தில் குற்றவியல் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர். இத்தொடரை என் மகளுடன் முழுவதும் பார்த்தேன்.

உங்கள் தங்கை சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. ஒரு கதையின் மாந்தரை அந்தக் கதை உலகத்தின் விதிகளைக் கொண்டுதான் முதலில் எடைபோட வேண்டும். இத்தொடரின் விதிப்படி இரத்தக்காட்டேரிகள் தம் மனிதத்தன்மையை சுவிட்சைப் போல அணைத்துவிட முடியும். அணைத்த பின் குற்ற உணர்ச்சியோ துக்கமோ இருக்காது. அந்த நிலையில் செய்தவற்றுக்கு அவர்கள் பொறுப்பா என்பதே இங்கு வழக்கு. நம் சட்டத்தில் இதற்கு நெருங்கிய ஒன்று உண்டு. போதையில் இழைத்த குற்றம் பற்றி இந்திய தண்டனைச் சட்டத்தின் 85, 86ஆம் பிரிவுகள் பேசின. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அவை 23, 24ஆம் பிரிவுகளாக இருக்கின்றன. ஒருவருக்குத் தெரியாமலோ அவர் விருப்பத்துக்கு மாறாகவோ போதை ஊட்டப்பட்டு, தாம் செய்வது இன்னதென்று அறிய முடியாத நிலையில் அவர் செய்தது குற்றமாகாது. தாமாகவே குடித்தவருக்கோ, தெளிவாக இருந்திருந்தால் என்ன அறிந்திருப்பாரோ அந்த அறிவு இருந்ததாகவே சட்டம் கொள்ளும்.

இதை வைத்துப் பார்த்தால் பாத்திரங்கள் வெவ்வேறு இடங்களில் நிற்கிறார்கள். ஸ்டெஃபனின் சுவிட்சை மூன்றாம் சீசனில் க்ளாவுஸ் வசியத்தால் அணைக்கவைத்தான். அவன் பழைய 85ஆம் பிரிவுக்கு அருகில் நிற்கிறான். நான்காம் சீசனில் தம்பி ஜெரமியை இழந்து கதறும் எலினாவை, தன் சொல்லுக்குக் கட்டுப்படும் பிணைப்பைப் பயன்படுத்தி, அணைத்துவிடு என்று சொல்பவன் டேமன். அதன் பிறகு அவள் செய்தவற்றில் அவனுக்கும் பங்கு உண்டு. எலினாவின் இன்னொரு தோழி கேரலைனோ ஆறாம் சீசனில் தாய் லிஸ் புற்றுநோயால் இறந்ததும் துக்கம் தாங்காமல் தானாகவே அணைத்துக்கொள்கிறாள். அவள்மேல் எனக்கு எல்லையற்ற இரக்கம் உண்டு, ஆனால் சட்டம் அவளைத்தான் முதலில் கேள்வி கேட்கும்.

டேமன் முதல் சீசனில் கேரலைனை வசியப்படுத்தி, அவளுடைய இரத்தத்தையும் உடலையும் பயன்படுத்திக்கொண்டு, நினைவையும் அழித்தானே, அதற்கு எந்த சுவிட்சும் சாட்சிக்கு வராது. அவன் அதை விளையாட்டாகவே செய்தான். இரண்டாம் சீசனின் 2ஆம் பகுதியில், இரத்தக்காட்டேரியாக மாறியதும் கேரலைனுக்கு அந்த நினைவுகள் எல்லாம் திரும்புகின்றன. அவனைப் பிடித்துத் தள்ளுகிறாள். எழுதியவர்கள் அந்த வழக்கை அங்கேயே தொடங்கி அங்கேயே முடித்துவிட்டார்கள். அடுத்த ஆறு சீசன்களில் டேமன் காதலனாக உயர்த்தப்படும்போது, பாதிக்கப்பட்டவள் அதே அறையில் சிரித்துக்கொண்டு நிற்கவைக்கப்படுகிறாள். டேமன் மேல் எனக்குள்ள மனத்தாங்கலைவிட, இந்த வழக்கைத் தள்ளுபடி செய்த எழுத்தாளர்கள் மேல் உள்ள மனத்தாங்கலே பெரிது.

சோமர்ஹால்டரின் நடிப்பை இதனோடு கலக்க வேண்டாம். இரண்டாம் சீசனின் 8ஆம் பகுதியில் எலினாவிடம் தன் காதலைச் சொல்லிவிட்டு, அதை அவள் மறக்குமாறு வசியப்படுத்தும் காட்சி அவருடைய திறமைக்குச் சான்று. ஆனால் உங்கள் தங்கைக்கு நான் பரிந்துரைப்பது அதே சீசனின் 12ஆம் பகுதியை. தோழி ரோஸ் இறந்த இரவில் டேமன் நடுச்சாலையில் படுத்துக் காரை நிறுத்தி, இறங்கி வந்த பெண்ணிடம் தன் பெரிய இரகசியத்தைச் சொல்கிறான்: மனிதனாக இருந்ததை இழந்துவிட்டதுதான் இந்த உலகத்தில் எல்லாவற்றையும்விடத் தன்னை வருத்துகிறது என்கிறான். சொல்லி முடித்துவிட்டு அவளைக் கொல்கிறான். அழுகையும் கொலையும் ஒரே மூச்சில் வருவதால், உங்கள் இரண்டு தாள்களையும் அங்கே தனித்தனியாக நிரப்பியே ஆக வேண்டும்.

மாடவீதி எழுதியது:

பதில் எழுதிய நால்வருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை, நீங்கள் குறிப்பிட்டவற்றில் மூன்று காட்சிகளை மறுபடியும் போட்டுப் பார்த்தோம். வேப்பமரத்தடி அவர்கள் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: இருபத்திரண்டு தாள்களில் ஒன்றில்கூட கேட் கிரகாமின் பெயர் இல்லை. கார் அறைக் காட்சி ஓடி முடிந்ததும் யாரும் அடுத்த காட்சியைப் போடச் சொல்லவில்லை. எதிர்வீட்டுப் பெரியவர், பானி என்ன படித்தாள், என்ன ஆக விரும்பினாள் என்று தமக்கு நினைவில்லையே என்று கேட்டார். எங்களில் யாருக்கும் நினைவில்லை.

எலினா கேத்ரினாக எலைஜாவைச் சந்திக்கும் காட்சியில், "இன்று இந்தப் பெண்ணுக்கு கேத்ரினின் தோரணை சரியாக வரவில்லையே" என்று அம்மா குறைபட்டுக்கொண்டார். நான்கு மாதங்களுக்கு முன்பு பார்த்த கதை அவருக்கு மறந்திருந்தது. எலைஜா முத்தமிட்டவுடன் அவள் வேறொருத்தி என்று கண்டுகொண்டதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, "அதைத்தான் நான் சொன்னேன்" என்றார். கூத்துமேடை ஐயா எழுதியிருந்ததை அப்போதுதான் அவருக்குப் படித்துக் காட்டினேன். ராதிகா வாணியாகவும் ராணியாகவும் வந்தபோதும் தமக்கு முடியலங்காரமோ சேலையோ தேவைப்படவில்லை, கை வீசுவதைப் பார்த்தே யார் வருகிறார் என்று சொல்லிவிடுவேன் என்றார்.

சாலைக் காட்சி முடிந்ததும் தங்கை நெடுநேரம் பேசவில்லை. டேமன் கேட்டபோது அந்தப் பெண் தன் பெயரைச் சொன்னாளே, அது என்ன என்று நான் கேட்டேன். அவளால் சொல்ல முடியவில்லை. பின்னோக்கி ஓட்டிப் பார்த்தோம், ஜெசிகா. ஆனாலும் தன் இரண்டு தாள்களிலும் டேமனும் சோமர்ஹால்டரும் முதலிடத்திலேயே இருப்பார்கள் என்றும், இந்த முறை முதல் தாளில் காரணத்தை எழுதப் போவதில்லை என்றும் சொல்லிவிட்டாள்.

கூத்துமேடை ஐயாவிடம் மேலும் ஒன்று கேட்க வேண்டும். ஐந்தாம் சீசனில் கேத்ரின் எலினாவின் உடலுக்குள்ளேயே புகுந்து வாழ்கிறாளே, அது எந்தப் பகுதிகளில் வருகிறது? அம்மா அதை மறுபடியும் பார்க்க வேண்டும் என்கிறார்.

கூத்துமேடை எழுதியது:

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நூறாவது பகுதியாக வந்த ஐந்தாம் சீசனின் 11ஆம் பகுதியின் இறுதியில் அது தொடங்கி, 15ஆம் பகுதியில் முடிகிறது. வசனத்தை விட்டுவிட்டு, தோழிகள் வந்து கட்டிக்கொள்ளும்போது அவள் கைகள் எவ்வளவு நேரம் கழித்து அவர்கள் முதுகைத் தொடுகின்றன என்பதை மட்டும் அம்மாவைப் பார்க்கச் சொல்லுங்கள். அவருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.